அபிவிருத்தி கற்பிக்க மணிக்கூலியா?

இறுப்பிட்டியிற் பிறந்து, புங்குடுதீவிலே பள்ளிப் படிப்பை முடித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவி ஒருத்தியை வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாணர் பாலத்தைக் கடந்தால் வேலணை, வேலணையைக் கடந்தாற் பண்ணைப் பாலம், அதற்கப்பால் யாழ்ப்பாண நகரம், பின்னரே திருநெல்வேலி. இரண்டு பரவைக் கடல்களைத் தாண்டி அவள் நாடிச் செல்வது அறிவை. பொருளியலோ, சமூகவியலோ, புவியியலோ பயிலும் அவள் அபிவிருத்தி பற்றிய பாடங்களையும் கற்க நேரும். சர்வதேச நாணய நிதியம் எவ்விதம் கடன் கொடுக்கின்றது, உலக வங்கி எந்த நிபந்தனைகளை விதிக்கின்றது, வெளிநாட்டு உதவி யாருக்காக, எதற்காக வருகின்றது என்பனவெல்லாம் அப்பாடங்களில் அடங்கும். அவற்றை அவளுக்குக் கற்பிப்பவர் யார்? அவர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாரா? இவ்விரண்டு வினாக்களையே இன்று நாம் எழுப்புகின்றோம்.

சர்வதேச அபிவிருத்தி என்னும் பெயரைக் கேட்டதும், அஃது ஏதோ நியூயோர்க்கிலும் ஜெனீவாவிலும் பேசப்படும் விஷயம் என்று நம்மவர் எண்ணுதல் கூடும். தீவகத்து மக்களுக்கு அவ்வெண்ணம் சிறிதும் பொருந்தாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் அளிக்கும் திட்டமொன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் பணத்தில் வகுக்கப்பட்டது. 2021 சனவரியில் அதனைச் சீன நிறுவனமொன்றிடம் ஒப்படைக்க இலங்கை அமைச்சரவை இணங்கியது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு முடியுமுன் அத்திட்டத்தைத் தாம் இடைநிறுத்துவதாகச் சீனத் தரப்பு அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்யப்பட்டது. 2024 மார்ச் 1ஆம் திகதி, இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் அவ்வேலையைச் செய்வதற்கு, பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மூன்று சிறு தீவுகளின் விளக்குக்காக இரண்டு பெரும் வல்லரசுகள் எதிரெதிர் நின்றன. குறிகட்டுவான் துறையிற் படகுக்குக் காத்து நிற்கும் தீவக மகனின் குரல் அந்தப் பேச்சுக்களில் எங்கே ஒலித்தது?

பெருநிலத்து விவசாயிகளும் இதனை அறிவார்கள். இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுவருவதை உள்ளடக்கிய திட்டத்துக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் வழங்க இசைந்தது. சிறுபோகத்துக்கே நீர் போதாத குளத்திலிருந்து குடிநீரும் எடுப்பதா என்று கிளிநொச்சி விவசாயிகள் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தார்க்குத் தாகம், கிளிநொச்சியார்க்கு வயல். இரண்டும் நியாயமே. ஆண்டுகள் பல வாதத்திற் கழிந்தன. ஈற்றிலே வழி மாறியது. கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாழையடியில் எழுந்து, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரத்தக்கதாக 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. திட்டம் வகுத்தவர்களிடம் பொறியியல் அறிவு இருந்தது, பணமும் இருந்தது. குளத்து நீரை நம்பி வாழ்பவனிடம் முதலிற் கேட்க வேண்டும் என்னும் அறிவு பிந்தியே வந்து சேர்ந்தது. அபிவிருத்திக் கல்வி என்று நாம் கூறுவது இந்த அறிவையேயாகும்.

ஆகவே, இப்பாடத்தைக் கற்பிப்பவர் யார் என்னும் வினா எமக்கு உயிர் வினா. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் நிரந்தர விரிவுரையாளர்களோடு, தற்காலிக விரிவுரையாளர் என்றும் வருகை விரிவுரையாளர் என்றும் இரு வகையினர் உளர். முன்னவர் குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்வார்; தவணை முடிந்ததும், புதுப்பித்தாலன்றி, அவருடைய பதவியும் முடிந்துவிடும். பின்னவருக்கு விரிவுரை செய்த மணித்தியாலங்களுக்கே கொடுப்பனவு. ஒரு மணி நேர விரிவுரைக்காகப் பல இரவுகள் படித்திருந்தாலும் அவ்விரவுகள் கணக்கில் ஏறமாட்டா. ஓய்வூதியம் இல்லை, கற்கை விடுமுறை இல்லை, ஆராய்ச்சிக்கு ஆதரவு இல்லை. தாம் கற்பிக்கும் பாடத்திட்டத்தை வகுக்கும் சபையிலே தமக்கோர் ஆசனமும் இல்லை.

வெளியிலிருந்து ஆசிரியர்களை அழைப்பதே தவறு என்று நாம் கூறவில்லை. நியாயமாகப் பேசுவோமாயின், அபிவிருத்திப் பாடத்துக்கு வேறெப்பாடத்திலும் பார்க்க அது மிகவும் தேவையென்றே சொல்வோம். கூட்டுறவுச் சங்கத்தை முப்பது ஆண்டுகள் நடத்தியவர், கடற்றொழிலாளர் சங்கத் தலைவர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், மாவட்டச் செயலகத்தில் திட்டங்களைத் தீட்டி ஓய்வு பெற்றவர், தீவக வைத்தியசாலையிற் கடமையாற்றிய வைத்தியர் ஆகியோர் வந்து மாணவர் முன்னே நின்று பேசுதல் வேண்டும். அவர்கள் கூறுவதை எந்த நூலிலும் காண முடியாது. ஆனால், நிரந்தர ஆசிரியரின் கல்விக்கு அவர்கள் துணையாக வருவது வேறு. நிரந்தர ஆசிரியரே இல்லாத இடத்தை மலிவாக நிரப்ப அவர்களை வரவழைப்பது வேறு. முன்னையது கறிக்கு உப்பு. பின்னையதோ உப்பையே சோறென்று பரிமாறுவது.

பின்னைய வழக்கம் வேரூன்றக் காரணம் யாது? பணமே. பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் 2012இல் ஏறக்குறைய நூறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 6 பங்கைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்பது அவர்களது முதன்மையான கோரிக்கை. அந்த இலக்கு எட்டப்படவில்லை. அதன் மேல் 2022ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவு வந்தது. அரசாங்கம் புதிய நியமனங்களுக்குக் கடிவாளம் இட்டது. சம்பளத்தின் மதிப்புத் தேய, விரிவுரையாளர் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். சென்றவரின் கதிரை வெறுமையாயிற்று. கதிரையை நிரப்ப அனுமதி கிட்டவில்லை. மாணவர்களோ வந்துகொண்டே இருந்தனர். திணைக்களத் தலைவர் என்ன செய்வார்? மணிக்கணக்குக்கு ஆள் தேடினார். அவரை நாம் குறை கூறோம். ஆனால் இடர்க்காலத்துக் கொட்டிலை நிரந்தர வீடாக்கிக்கொள்ளும் மனப்பான்மையையே கண்டிக்கின்றோம். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து கொட்டில்களில் வாழ்ந்த எம் மக்களுக்கு இவ்வேற்றுமையை விளக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த ஓர் உண்மையை நினைவூட்ட விரும்புகின்றோம். அடுத்த போகத்துக்கு வயல் தன் கையில் இருக்குமோ இராதோ என்று அஞ்சும் குத்தகைக்காரன் அந்த வயலுக்கு எரு இடுவானா? வரம்பை உயர்த்துவானா? உவர் நீர் புகாமல் அணை கட்டுவானா? இருக்கும் வளத்தை உறிஞ்சிக்கொண்டு போவான். அதற்காக அவனைக் குற்றஞ் சொல்லவும் முடியாது. இந்த உண்மையை உணர்ந்தே 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பிறந்தது. அன்று விவசாய அமைச்சராயிருந்த பிலிப் குணவர்த்தன, உழுபவனுக்கு நிலைத்த உரிமையும், அவன் பிள்ளைக்கு அதன் தொடர்ச்சியும் வழங்க முற்பட்டார். நடைமுறையில் அச்சட்டம் பல இடர்ப்பாடுகளைக் கண்டதும், பலர் வயலிலிருந்து வெளியேற்றப்பட்டதும் உண்மையே. எனினும் அதன் அடிப்படைக் கருத்தை எவரும் மறுத்தற்கில்லை. நிலைத்திருப்பவனே நிலத்தைத் திருத்துவான். உழுபவனுக்குப் பொருந்தும் இந்த நியாயம் கற்பிப்பவனுக்கு மட்டும் பொருந்தாமற் போகுமா?

ஆசிரியனுடைய எரு யாது? ஆராய்ச்சி. அவனுடைய வரம்பு யாது? நூல். அபிவிருத்தி பற்றித் தமிழிலே எழுதப்பட்ட பாட நூல்கள் மிகச் சிலவே. எம் தீவுகளைப் பற்றி, எம் நிலத்தடி நீரைப் பற்றி, எம் பனை வளத்தைப் பற்றி, 2009இன் பின் வடக்கிற் பரவிய நுண்கடனால் எம் பெண்கள் பட்ட பாட்டைப் பற்றி, பத்தாண்டுகள் தொடர்ந்து தரவு திரட்டி எழுத வேண்டிய நூல்கள் பலவுள. அடுத்த தவணைக்கு அழைப்பு வருமோ என்று வாசலைப் பார்த்திருப்பவர் அந்நூல்களை எவ்விதம் எழுதுவார்? நிரந்தர ஆசிரியர்கள் எல்லோரும் எழுதிக் குவித்துவிட்டனரா என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வயல் உரிமையாகியும் உழாதவனைக் கண்டிக்க வேண்டும். அதற்காக உரிமையையே ஒழித்துவிடலாகாது.

நூலிலும் பெரியது ஒன்றுண்டு. அதுவே இவ்விஷயத்தின் உயிர்நாடி. அபிவிருத்தியைக் கற்பிப்பவர் அரசாங்கத்தைப் பார்த்தும், கடன் தரும் வங்கியைப் பார்த்தும், உதவி தரும் நாட்டைப் பார்த்தும், தம் பல்கலைக்கழகத்தைப் பார்த்துமே, "இது பிழை" என்று சொல்லத் தக்கவராயிருத்தல் வேண்டும். மணிக்கூலிக்கு அமர்த்தப்பட்டவரால் அது முடியுமா? பகலிலே தொண்டு நிறுவனமொன்றின் திட்டத்திற் சம்பளம் பெற்று, வார இறுதியில் விரிவுரைக்கு வருபவர், தம் நிறுவனத்துக்குப் பணம் தரும் தேசத்தைப் பற்றி மாணவர் கேட்கும் வினாவுக்கு நடுநின்று விடையிறுக்க வேண்டியவராகின்றார். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும் இரு பக்கமும் அறுந்துபோகக்கூடிய கயிற்றின் மீது அவரை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து நட என்று சொல்வது நீதியன்று.

எம்மைப் பற்றிய அறிவைப் பிற நாட்டாரே ஆக்கித் தரும் நிலை புதியதன்று. 1971 ஏப்ரலில் தெற்கிலே படித்த இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. அவ்வாண்டிலே சர்வதேசத் தொழிற் தாபனத்தின் குழுவொன்று இலங்கைக்கு வந்து, படிப்புக்கும் வேலைக்கும் இடையேயுள்ள பொருத்தமின்மையை ஆராய்ந்தது. அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டட்லி சியர்ஸ். 1966இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே தொடங்கப்பட்ட அபிவிருத்திக் கற்கை நிறுவகத்தின் முதற் பணிப்பாளர் அவர். தேசிய வருமானம் பெருகிற்றா என்று மட்டும் கேளாதீர். வறுமைக்கும், வேலையின்மைக்கும், ஏற்றத்தாழ்வுக்கும் யாது நேர்ந்தது என்று கேளுங்கள் என்பது அவர் கொள்கையின் சாரம். நல்ல கேள்விகள். ஆனால் அந்த நிறுவகத்தில் அத்தகையோர் நிலையாக அமர்ந்து ஆராய இடமிருந்தது என்பதை மறக்கலாகாது. சமுத்திரன் என்னும் பெயரில் தமிழ் வாசகர் அறிந்த பேராசிரியர் சண்முகரத்தினம் அபிவிருத்திக் கல்விக்குப் பேராசிரியராக விளங்கியது நோர்வேயில். எம்மவரின் அறிவுக்கு உலகில் இடமுண்டு. எம் மண்ணிலேயே அதற்கு நிலையான இடம் வேண்டும் என்கின்றோம்.

இவ்வியாதி எம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. செல்வம் மிக்க அமெரிக்காவில், 2021ஆம் ஆண்டின் இலையுதிர் காலக் கணக்கின்படி, உயர்கல்வி ஆசிரியருள் நூற்றுக்கு 68 பேர் நிரந்தர உரிமைக்கு வழியற்ற பதவிகளில் இருந்தனர் என்று அந்நாட்டுப் பேராசிரியர் சங்கம் கூறுகின்றது. 1987இல் அத்தொகை 47. தமிழ்நாட்டில் இத்தகைய ஆசிரியருக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாவும், மாதத்துக்கு 50,000 ரூபா வரையும் வழங்கலாம் என்று இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் நெறிமுறை வகுத்தது. அரசினர் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கானோர் அதிலும் மிகக் குறைந்த தொகை பெற்று, வீதியில் இறங்கிப் போராடி, நீதிமன்றப் படியும் ஏறினர். பெயரிலே கௌரவம், பையிலே வறுமை. ஊரெல்லாம் வெள்ளம் என்பதற்காக எம் வீட்டுக் கூரையின் ஒழுக்கை அடைக்காதிருப்போமா?

இதற்கு ஒரு மறுப்புச் சொல்லப்படுவதுண்டு. அபிவிருத்தித் துறை நாளுக்கு நாள் மாறுவது. ஆகவே நிரந்தரப் பதவிகள் வேண்டியதில்லை, களத்தில் நிற்போரை அவ்வப்போது அழைத்தாற் போதும் என்பர் சிலர். துறை மாறுவது மெய்யே. யூஎஸ்எயிட் என்னும் அமெரிக்க உதவி நிலையம், அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் கிளை விரித்திருந்தது. 2025 யூலை 1ஆம் திகதியோடு அதன் உதவிப் பணி முடிவுக்கு வந்தது. நேற்றைய பாடக் குறிப்பு இன்று பழங்கதையாயிற்று. ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிவு யாது? காற்று மாறும் காலத்திலேதான் கடலறிந்த தண்டையல் வேண்டும். நேற்று என்ன வாக்களித்தார்கள், இன்று ஏன் கைவிட்டார்கள், நாளை யார் வருவார்கள் என்று தொடர்ந்து கவனித்திருப்பவரே மாற்றத்தை விளக்க வல்லவர். தவணைக்குத் தவணை ஆசிரியர் மாறினால், மாணவர் பெறுவது துண்டு துண்டான செய்தியேயன்றிக் கல்வியாகாது.

ஆதலின் எமது கோரிக்கைகளைத் தெளிவாகக் கூறுகின்றோம்.

முதலாவது, வெறுமையாகவுள்ள நிரந்தர விரிவுரையாளர் பதவிகளை நிரப்பத் திறைசேரி அனுமதி வழங்க வேண்டும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஏறக்குறைய 300 கோடி டொலர் ஏற்பாட்டுக்கு இணங்கிய நாடு இது. அந்த நிபந்தனைகளைப் படித்து விளக்கத் தக்க ஆசிரியரை நியமிக்கப் பணமில்லை என்பது, கடன் உறுதியைப் படிக்கத் தெரிந்த மகனை வேலைக்கனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக் கையொப்பம் வைப்பது போன்றதாகும்.

இரண்டாவது, பகுதிநேர ஆசிரியர் தேவைப்படும் இடங்களில், தவணை தொடங்குமுன் எழுத்து மூலமான நியமனம் வழங்குக. பாடம் ஆயத்தஞ் செய்வதையும் மாணவரைச் சந்திப்பதையும் வேலையாகக் கணக்கிடுக. கொடுப்பனவைக் குறித்த காலத்திற் கொடுக்க. நூலகத்தையும் பாடத்திட்டச் சபையையும் அவருக்குத் திறந்துவிடுக. தூர இடத்திலிருந்து வருவோருக்குப் பயணச் செலவு கொடுக்க. நெடுந்தீவிலிருந்து படகேறி வரும் ஒருவரும் நல்லூரிலிருந்து துவிச்சக்கர வண்டியில் வரும் ஒருவரும் ஒரே தொகை பெறுவது சமத்துவமன்று.

மூன்றாவது, பல ஆண்டுகள் தற்காலிகமாகக் கற்பித்து, தகுதியும் நிரூபித்தவருக்கு, நிரந்தரப் பதவிக்கான தெரிவிலே அந்தச் சேவையைக் கணக்கிற் கொள்ள வேண்டும். தெரிவு வெளிப்படையாக நடத்தல் வேண்டும். அரசியற் சிபாரிசுக்கும் உறவு முறைக்கும் அங்கே இடம் இருத்தலாகாது.

நான்காவது, அழைக்கப்படும் விருந்து விரிவுரையாளரைப் பட்டத்தை மட்டும் பார்த்துத் தெரிவு செய்யாது, அனுபவத்தையும் பார்த்துத் தெரிவு செய்க. புங்குடுதீவின் மு. தளையசிங்கம் ஆசிரியராயும் எழுத்தாளராயும் விளங்கியவர். ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றிலே நீரள்ளும் உரிமைக்காக 1971இல் அறப்போரில் இறங்கியவர். கிணறு வெட்டுவது மட்டும் அபிவிருத்தியன்று, அக்கிணற்றில் யார் அள்ளலாம் என்பதும் அபிவிருத்தியே என்பதை அந்தத் தீவின் மண்ணிலே நின்று அவர் காட்டினார். இன்று வெளிநாட்டுப் பணத்திற் கிணறும் குழாயும் அமைப்போர் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வருதல் நன்று. அப்பாடத்தைச் சொல்லத் தக்கோர் எம் ஊர்களில் இன்றும் உளர்.

புலம்பெயர்ந்த எம் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. 1991இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களுட் பல இன்று கனடாவிலும், பிரான்சிலும், சுவிற்சர்லாந்திலும், இங்கிலாந்திலும் வாழ்கின்றன. ஊர்ச் சங்கங்கள் அமைத்து, கோயிலுக்கும் பள்ளிக்கும் கிணற்றுக்கும் அவர்கள் அனுப்பும் பணமும் சர்வதேச அபிவிருத்தியே. ஆசிரியர் சம்பளத்தை அவர்கள் தலையிற் சுமத்த நாம் கேளோம். அஃது அரசாங்கத்தின் கடமை. 1945இல் இலவசக் கல்வியை நாட்டுக்கு அளித்த ஏற்பாட்டின் பொருளும் அதுவே. ஆனால் தமிழிலே அபிவிருத்தி நூல்கள் வெளிவரவும், மாணவர் ஊர் ஊராகச் சென்று ஆராயவும் அவர்கள் கை கொடுக்கலாம். கோபுரத்துக்குக் கொடுக்கும் கை, கோபுரத்தின் நிழலில் வாழ்பவனைப் பற்றிய நூலுக்கும் கொடுக்கட்டும்.

யாழ்ப்பாண வளாகம் 1974 ஒக்டோபரில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் நிலத்திலே தொடங்கப்பட்டது. கைலாசபதி அதன் முதல் தலைவர். தரப்படுத்தலால் எம் மாணவர் மனம் புண்பட்டிருந்த காலம் அது. இழந்த கல்வி வாய்ப்பை மீட்கும் களமாகவே எம் மக்கள் பல்கலைக்கழகத்தைக் கருதினர், கருதுகின்றனர். அந்தக் களத்திலே இன்று இரவல் ஆட்களை நம்பிச் சொந்த வேரைக் காய விடுகின்றோம். இரவற் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளின் கதை நமக்கு நேரலாகாது.

எம் பாராளுமன்ற உறுப்பினர்கள் மேடையிலே கல்வியைப் பற்றிப் பேசுவதிற் குறைவில்லை. வரும் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் எழுந்து நின்று, எத்தனை விரிவுரையாளர் பதவிகள் வெறுமையாகவுள்ளன, எத்தனை பாடங்களை மணிக்கூலி ஆசிரியர் தாங்குகின்றனர் என்று துறை துறையாகக் கணக்குக் கேட்கட்டும். பல்கலைக்கழகப் பேரவைகளும் அக்கணக்கை மக்கள் முன் வைக்கட்டும். வைத்தியரும், சட்டத்தரணியும், பொறியியலாளரும், கமக்காரரும் தத்தம் சங்கங்களில் இதனைத் தீர்மானமாக்கட்டும்.

எம் தீவுகளுக்கும் வயல்களுக்கும் இனியும் திட்டங்கள் வரும். சீனத்திலிருந்து வரும், பாரதத்திலிருந்து வரும், வாஷிங்டனிலிருந்தும் மணிலாவிலிருந்தும் வரும். அவற்றின் தாள்களை வாசித்து, நன்மையை ஏற்று, தீமையை மறுக்கத் தெரிந்த இளைஞர் எமக்கு வேண்டும். இறுப்பிட்டிப் பெண் இரண்டு பாலங்களைக் கடந்து விரிவுரை மண்டபத்துக்கு வந்து சேர்கின்றாள். அவள் தன் பங்கைச் செய்துவிட்டாள். அங்கே அவளுக்காக ஓர் ஆசிரியர் காத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டும் அவர் இருக்க வேண்டும்.